பாதிப் பொருத்தம்

நான் தும்மக்கூட இல்லையே.

திரையில் தன் பெயருக்கு நேரே ஒளிர்ந்த சிவப்புக் கோட்டைப் பார்த்து அவள் அப்படித்தான் நினைத்தாள். அடையாளம் தெரியாத எலும்பு எது வந்தாலும், அதன் டிஎன்ஏவை முதலில் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுடையதோடு ஒப்பிடுவார்கள்; யாருடைய எச்சிலோ வியர்வையோ கலந்திருந்தால் தெரிந்துவிடும்.

"எலும்புக்கே ஜலதோஷத்தை ஒட்ட வச்சிட்டியாடி?" பக்கத்து மேசை அக்கா சிரித்தாள்.

கையுறை மாற்றி, மண்ணிலிருந்து வந்திருந்த அந்தப் பழைய பெண் மண்டையோட்டின் வேறொரு பல்லைப் பொடித்து, மறுபடியும் செய்தாள். அதே கோடு. அக்கா இப்போது சிரிக்கவில்லை.

"கலந்திருந்தா நீ முழுசாத் தெரிவ. இது பாதிதான். பெத்தவளுக்கும் பிள்ளைக்கும் இருக்கிற பாதி."

வம்சாவளித் தரவுகளில் அந்த மண்டையோட்டோடு இன்னொருவரும் பொருந்தினார். காணாமல்போன தங்கையைத் தேடி எச்சில் அனுப்பியிருந்த ஒரு முதியவர். அவளுக்கு மாமா முறை. கூடப்பிறந்தவர்களே இல்லை என்றல்லவா அம்மா சொல்லியிருந்தாள்? சோதனை செய்து பழக ஒரு சொட்டு எச்சில் கேட்டபோதெல்லாம், "என் எச்சில்ல என்னத்தடி தேடப்போற?" என்று வாயைப் பொத்திக்கொண்ட அம்மா.

வீட்டுக்குள் நுழைந்ததும் காய்ச்சிய எண்ணெய் வாசனை வந்தது; கூடத்தின் மங்கலான விளக்கடியில், நினைவு தெரிந்த நாள் முதல் தன்னைத் தூங்கவைத்த அந்தச் சத்தம், சீப்பின் பற்களை அம்மா நகத்தால் ஒவ்வொன்றாக வருடும் சத்தம், அவள் முதுகெலும்பின் மேல் மெதுவாக ஏறி வந்தது. காய்ச்சல் இரவுகளில் நெற்றியை விட்டு அகலாத விரல்கள் அவை. அந்த அன்பு பொய்யில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"முகமெல்லாம் ஏன் வெளுத்துக் கிடக்கு?"

"இன்னிக்கு ஒரு மாமாவைக் கண்டுபிடிச்சேன்மா."

சத்தம் நின்றது.

"அந்த ஆளு இன்னும் உசிரோடவா இருக்கான்?"

எந்த மாமா என்று கேட்கவில்லை.

குழாய் எங்கோ சொட்டியது. அம்மா புன்னகைத்தாள். எழுந்து கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"வாடி தங்கம். பின்னி விடறேன். முதுகைக் காட்டி உட்காரு."

ஆய்வக மேசையில் அந்த மண்டையோடு. பின்பக்கம். உள்நோக்கி நொறுங்கிய பள்ளம். பின்னல் தொடங்கும் இடம்.

சீப்பு மடியில் கிடந்தது. நீட்டிய கை மட்டும் காத்திருந்தது.

அவள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்மா," என்றாள் மெதுவாக. "இனிமே நானே பின்னிக்கிறேன்."