வீட்டம்மா வெளியே போயிருக்கிறார்

"எழுந்துட்டீங்களா விருந்தாளியம்மா? இன்னைக்குச் சந்தைங்க. ஆத்துல நாலடி தண்ணி போகுது. ஒருத்தருக்குத்தான் சமையலுங்களா?"

வீடு தினமும் காலையில் இப்படித்தான் கேட்கும். பூங்கோதை பதில் சொல்வதில்லை. காப்பியைக் கலந்துகொண்டு, காவிரியைப் பார்த்த ஜன்னலருகே நின்று குடிப்பாள். 'விருந்தாளி' என்று அது அழைப்பது ஏதோ பழுது என்று விட்டுவிட்டாள். சரிசெய்ய ஆளைக் கூப்பிட்டால் அவரிடம் பேச வேண்டியிருக்கும்.

பரமத்தி வேலூரில் எல்லா வீட்டிலும் வீட்டுணரி உண்டு. குடியிருப்பவர்களை நடையாலும் குரலாலும் அறிந்து, அவர்களுக்கேற்ப விளக்கையும் கதவையும் இயக்கும். பூங்கோதை இந்த வீட்டை விற்க முடிவு செய்திருந்தாள். விற்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. வீடு அறிந்த ஒவ்வொருவரும் தம் குரலில் 'போறேன்' என்று சொல்லி விடைபெற வேண்டும். 'போயிட்டு வரேன்' என்றால் வீடு காத்திருக்கும், பத்திரம் பதியாது. இறந்தவர்களுக்குச் சான்றிதழ் போதும். ஆறு வருடங்களுக்கு முன்பு கணவர் நாச்சிமுத்துவின் பெயர் அப்படித்தான் நீங்கியது. கோவையிலிருக்கும் மகள் போனிலேயே விடைபெற்றுவிட்டாள். அம்மாவுக்கு அங்கே ஓர் அறையும் ஒழித்து வைத்துவிட்டாள்.

பத்து மணிக்குப் பதிவு அலுவலர் தாரிணி கைத்திரையோடு வந்தாள்.

"இன்னொருத்தர் பாக்கி இருக்காங்களே. பூங்கோதைன்னு."

"நான்தான் அது."

"உங்களை விருந்தாளின்னுல்ல வெச்சிருக்குது! ஆறு வருசமாத் தங்கியிருக்கற விருந்தாளி. எங்க வீடா இருந்தா நான் எப்பவோ கதவைச் சாத்தியிருப்பேனுங்க." சிரித்துவிட்டு, சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "வீட்டம்மா எங்கே?"

"வெளியே போயிருக்காங்க. வந்துருவாங்க. அதுக்குத்தான் வாசல் விளக்கை அணைக்கறதில்லைங்க."

அந்த விளக்கு பகலிலும் எரிவதற்கு சுவிட்சைத்தான் பூங்கோதை குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாரிணி திரையில் வீட்டம்மாவைப் பற்றிய குறிப்பைப் படித்தாள். "அவங்க நடை வேகமாம். ஓயாமப் பேசுவாங்களாம், அதுவும் சத்தமா. அம்மா, இந்த வீட்டுக்குள்ள நீங்க பேசி எத்தனை நாளாச்சு?"

நாச்சிமுத்து போன பிறகு யாரிடம் பேசுவது?

"பேரைச் சொல்லிப் பாருங்க. இன்னைக்கு முடியலீன்னா, வாங்கற மண்டிக்காரர் வேற வீடு பாத்துக்குவாரு."

"நான் பூங்கோதை."

"சரிங்க விருந்தாளியம்மா. அவங்க வந்ததும் சொல்றேனுங்க."

பூங்கோதை மாடிப்படியின் அடியில் போய் நின்றாள். சந்தை நாளில் நாச்சிமுத்து மேலே செய்தித்தாளுக்குள் புதைந்து கிடப்பார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அண்ணாந்து கத்தினாள்.

"ஏனுங்க! சந்தை கலையறதுக்குள்ள கெளம்புவீங்களா, இல்லை காலிப் பையைத் தூக்கிட்டு வருவீங்களா?"

வீடு முழுக்க விளக்குகள் எரிந்தன. மாடியறையில் மின்விசிறி சுழன்றது.

"வந்துட்டீங்களா! எங்கீங்க போயிருந்தீங்க? இங்க ஒரு விருந்தாளி இருக்காங்க. ஒழுங்காச் சாப்பிடறதில்லை, ஒரு வார்த்தை பேசறதில்லை. நீங்க வந்தாச் சரியாயிரும்னு இருந்தேனுங்க."

தாரிணி திரையை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். பூங்கோதை அவளிடம் தலையசைத்தாள். பிறந்ததிலிருந்து எந்த வாசலிலும் சொல்லாத சொல் அது.

"போறேன்."

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாக வாசல் விளக்கு. வீடு தணிந்த குரலில் பேசியது.

"விருந்தாளியம்மா, வீட்டம்மா போயிட்டாங்க. மத்தியானம் ஒருத்தருக்குத்தான் சமையலுங்களா?"

பூங்கோதை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கு" என்றாள். "தாரிணி, இருந்து சாப்பிட்டுட்டுப் போ, கண்ணு."