ஐம்பது கிலோ

இந்தப் பழைய கட்டடத்தின் எடை அறைக்கு நான் கடைசியாக வந்து மூன்று வருடம் ஆகிறது. இன்று காலை மகளோடு வந்தேன். வாசலிலேயே ஃபினாயிலும் ஈரச் சுவரும் மூக்கில் ஏறின.

ஃபேஷன் ஷோவில் நடக்கும் பெண்களுக்கு நான் தையல்காரி. ஐம்பது கிலோவுக்குக் கீழே இருந்தால் மேடை கிடையாது என்று சர்க்கார் விதி வந்தது. கம்பெனிக்கோ எலும்பும் தோலும்தான் வேண்டும். அதனால் எடை பார்க்கும் நாளில் உள்பாவாடை மடிப்புக்குள் ஈயத் துண்டுகளை வைத்துத் தைப்பேன். டாக்டருக்கும் தெரியும். கண்டுகொள்ள மாட்டார்.

அப்போது ஒருத்தி இருந்தாள். ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம். பட்டினி கிடந்து கிடந்து அவள் மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வீசும்.

"அக்கா, ஈயம் வைக்காதீங்க. ஃபெயிலானா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. போய்ச் சாப்பிட்டுத் தூங்குறேன்" என்று என் கையைப் பிடித்தாள்.

வைத்துத் தைத்தேன். அன்று மேடைப் படியில் விழுந்தவள் எழவேயில்லை.

பாவி நான். இப்போது என் மகளே அதே கம்பெனியில். ஈயம் வைக்க மாட்டேன் என்றதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். இன்று இவள் தோற்க வேண்டும். தோற்றால்தான் எனக்கு மிஞ்சுவாள்.

மெஷினில் ஏறினாள். முள் நாற்பத்தாறில் நின்றது. எனக்கு உயிர் வந்தது.

அப்போது அந்த வாடை வந்தது.

நெயில் பாலிஷ் ரிமூவர்.

முள் அசைந்தது. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.

யாரோ மெல்ல ஏறுகிறார்கள்.

ஐம்பது.

"பாஸ்" என்றார் டாக்டர்.

"மெஷின் சரியில்லைங்க. இன்னொரு தடவை பாருங்க."

"ஏம்மா, பெத்த பொண்ணு பிழைப்புல நீயே மண்ணைப் போடுவியா?" என்றபடி கையெழுத்துப் போட்டு, தாளை மகளிடம் நீட்டினார்.

மகள் என்னை முறைத்துக்கொண்டே காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா," கிசுகிசுத்தாள், "முதுகுல யாரோ இருக்காங்க. இறங்கச் சொல்லுங்க."

நான் தரையில் விழுந்து மெஷினைக் கட்டிக்கொண்டேன். "இறங்கிடு கண்ணு. தப்பு என்னோடது. இவளை விட்டுடு. என் மேல ஏறிக்கோ."

முள் சரசரவென்று நாற்பத்தாறுக்கு இறங்கியது.

மகள் மெஷினிலிருந்து துள்ளிக் குதித்தாள். பயத்தில் தன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஆனாலும் தாளைக் கெட்டியாகப் பிடித்தபடி, வெளியே காத்திருந்த கம்பெனி காருக்கு ஓடினாள்.

"போகாதடி!"

எழப் பார்த்தேன். முடியவில்லை. குளிர்ந்த இரண்டு முழங்கால்கள் என் இடுப்பை இறுக்கின. வெளியே கார் கிளம்பியது.

காதோரம் அந்த வாடை.

"பாஸாயிட்டா அக்கா" என்றது.