சொல்லாமல் சாப்பிடாத நாய்கள்

கோமதி வாயைத் திறப்பதற்கு முன்பே நாய்கள் சாப்பிட ஆரம்பித்துவிட்டன.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. சோற்றைக் கண்டால் நாய் பாயத்தான் செய்யும். ஆனால் பீர்மேட்டுக்கு மேலே இருந்த அந்தப் பங்களாவின் மேஜரும் சில்வியும் அப்படி வளர்ந்தவை அல்ல. தட்டை முன்னால் வைத்துவிட்டு ‘எடு’ என்று சொல்லாதவரை, கோழிக்கால் மூக்கில் இடித்தாலும் வாய் வைக்காது. ஏலக்காய் ஸ்டோருக்குக் காவல் இருக்கிற நாய்கள். திருட வருகிறவன் முதலில் விஷம் வைத்த கறியைத்தான் வீசுவான் என்று கோமதியின் புருஷன் பாண்டித்துரை இரண்டு வருஷம் மெனக்கெட்டு அப்படிப் பழக்கியிருந்தான். அவன் செத்து இன்றோடு நாற்பது நாள்.

கரண்டியைப் பிடித்தபடி அவள் நின்றாள். தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம், அதற்குக் கீழே இரண்டு நாக்குகள் அலுமினியத் தட்டை வழிக்கிற சத்தம், வெந்த கோழிக்காலும் மஞ்சளும் நனைந்த நாய் முடியும் சேர்ந்த வாடை, இதற்கெல்லாம் மேலே அவள் சேலைக்கு மேல் மாட்டியிருந்த பாண்டித்துரையின் காக்கிச் சட்டையிலிருந்து வந்த பீடி நாற்றம். மணி ஐந்தரைதான். மூடுபனி அதற்குள் தேயிலைக் காட்டை விழுங்கிவிட்டு நாய்க் கொட்டகை வாசல்வரை வந்திருந்தது.

சொல்லியிருப்போம், மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காலை எட்டு மணியிலிருந்து கொழுந்து எடுத்த உடம்பு. முட்டி இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை சொன்னோமா இல்லையா என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பாண்டித்துரை செத்ததும் அந்தக் கொட்டகையில்தான். தட்டுகளை வைத்துவிட்டு நிமிர்ந்தவனுக்கு நெஞ்சைப் பிடித்திருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து கோமதி வந்து பார்த்தபோது அவன் குப்புறக் கிடந்தான். நாய்கள் இரண்டும் ஆறிப்போன சோற்றுக்கு முன்னால், உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்தன. ‘எடு’ என்று சொல்ல அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் யார் சொல்லியும் அவை சாப்பிடவில்லை. கையில் வைத்து ஊட்டினாள், பாலில் பிசைந்து வைத்தாள், கெஞ்சினாள், திட்டினாள். ஐந்தாம் நாள் மேஜரின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டது. கோட்டயத்தில் இருக்கும் பங்களா முதலாளி ஜின்சன் போனில் தன்மையாகத்தான் பேசினார். “சேச்சி, நாய் நல்லா இருக்கிற வரைக்கும் அந்தக் குவார்ட்டர்ஸ்ல இருந்துக்கோங்க. அதுக்கு மேல நான் என்ன செய்யட்டும்?” கோமதி எஸ்டேட்டில் தற்காலிக ஆள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் அவளுக்கு வீடு கிடையாது. மகள் ஆர்த்தி மதுரையில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். அவள் படிப்பு முடிகிறவரை அம்மாவுக்கும் மகளுக்கும் கூரை என்றால், கொட்டகைக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு அறைதான்.

அன்றைக்குத்தான் அவன் சட்டையை எடுத்து மாட்டினாள். எஜமான் முதலில் தின்ன வேண்டும், அப்போதுதான் நாய் அடங்கும் என்று பாண்டித்துரை எப்போதும் நாய்ச்சட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். அவளும் போட்டுக்கொண்டாள். அவனைப் போலவே அடித்தொண்டையில் ‘எடு’ என்றாள். நாய்கள் விழுந்து விழுந்து தின்றன. கோமதி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பதினாறாம் நாள் காரியத்தில் அவன் துணிகளையெல்லாம் மூட்டை கட்டி ஆற்றில் விட்டார்கள். இந்த ஒரு சட்டையை மட்டும் அவள் தவிட்டுச் சாக்குக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள். லயத்திலிருந்து சர்க்கரை கேட்டு வந்த வேலுத்தாய் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏத்தா, செத்தவன் துணிய வீட்டுல வைக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

“நாய்க்குத்தான்க்கா வச்சிருக்கேன். இது இல்லாட்டி திங்க மாட்டேங்குதுக.”

“தெனமும் அவன் சட்டையப் போடுற, அவன் திங்கிற சோத்தத் திங்கிற, அவன் பேச்சப் பேசுற. அவன் எப்படித்தா போவான்?”

கோமதி சிரித்து மழுப்பிவிட்டாள். வேலுத்தாய்க்கு எதற்கெடுத்தாலும் ஒரு சாத்திரம் உண்டு.

உள்ளதைச் சொன்னால், அவன் போனதில் கோமதிக்குக் கொஞ்சம் நிம்மதிதான். பாண்டித்துரை கை நீட்டுகிறவன் இல்லை. நாயையும் அடித்ததில்லை, அவளையும் அடித்ததில்லை. ஊரில் நல்ல பெயர். ஆனால் இருபத்துமூன்று வருஷம் அவன் ‘சாப்பிடு’ என்று சொல்லாமல் அவள் சோற்றில் கை வைத்ததில்லை. கல்யாணமான புதிதில் பசி தாங்காமல் ஒருநாள் முந்திச் சாப்பிட்டுவிட்டாள். அதற்கு அவளைத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்து, இரண்டு நாள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே இருந்தான். குரலைக்கூட உயர்த்தவில்லை. காரியம் முடிந்த மறுநாள், சாயங்காலம் நாலு மணிக்கு, அவள் அடுப்படியில் நின்றுகொண்டே மீன்குழம்புச் சோற்றைச் சட்டியோடு தின்றாள். அவ்வளவு ருசியான சோற்றை அவள் அதுவரை தின்றதில்லை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நாய்கள் சாப்பிடுகிற வீடியோவை ஜின்சனுக்குத் தினமும் அனுப்ப வேண்டும். போனை ஜன்னலில் சாய்த்துவைத்து எடுத்து, நாற்பதாம் நாளான அன்றைக்கும் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

“சேச்சி, கமாண்ட் கொடுக்கிறது யாரு? புது ஆளா?”

“யாரும் இல்ல சாரே. நாந்தான்.”

“ஏய், அது ஆம்பளக் குரலாக்கும். கொள்ளாம், நல்லா பழக்குறாரு. இருக்கச் சொல்லுங்க.”

போனை வைத்ததும் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். தூறல் சத்தம். தட்டு வைக்கிற சத்தம். பிறகு, வாயை மூடிக்கொண்டு அவள் கரண்டியோடு நிற்கிற அந்த நேரத்தில், மிகப் பக்கத்தில், இருமலை அடக்கிக்கொண்டு பேசுகிற ஆளின் குரலில் ஒரே ஒரு சொல். அவள் இரண்டாவது முறை போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. போனாள். கொழுந்து எடுத்தாள், எடை போட்டாள், மேடு ஏறித் திரும்பி வந்தாள். பயப்படக்கூட நேரம் ஒதுக்க முடியாத நாள். மழை இல்லை, பனி மட்டும் அப்பிக்கிடந்தது. வந்ததும் சில்வியைத் தளத்தில் நிறுத்தி, உப்பைத் தடவிக் கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த அட்டைகளை எடுக்க உட்கார்ந்தாள். சில்வி எப்போதும் துள்ளும். அன்று ஒரு கால் முடிந்ததும் அடுத்த காலைத் தானாகவே தூக்கிக் கொடுத்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சுகமாக நின்றது. கோமதி நிமிர்ந்து பார்த்தாள். அதன் முதுகுமுடி, கழுத்திலிருந்து வால்வரை, மெதுவாக ஒரு கோடாகப் படிந்தது. மறுபடி கழுத்திலிருந்து. மறுபடி வால்வரை. கோமதியின் இரண்டு கைகளும் நாயின் காலில்தான் இருந்தன.

உப்புக் கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வெந்நீர் அடுப்பில் திணித்தாள். ஈரத் துணி புகைந்து, பிறகு பிடித்துக்கொண்டது. காலர் கடைசியாக எரிகிறவரை குச்சியால் தள்ளிக்கொண்டே நின்றாள்.

சட்டையில்லாமல், வெறும் சேலையோடு, சட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு முன்னால் இருந்த சிமெண்ட் தளத்துக்கு வந்தாள். தின்றால் தின்னட்டும். இல்லாவிட்டால் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறிவிடலாம், ஆர்த்தியோடு எங்காவது ஒரு அறை எடுத்து இருந்துகொள்ளலாம். முடிவு எடுத்ததும் உடம்பு லேசானது. நன்றாகப் பசித்தது. இதுகளுக்குப் போட்டுவிட்டு உடனே தானும் சாப்பிட வேண்டும் என்று நினைத்தாள்.

மேஜருக்கு ஒரு தட்டு. சில்விக்கு ஒரு தட்டு. இரண்டிலும் சோற்றைப் போட்டாள்.

மூன்றாவது தட்டிலும் போட்டாள்.

கரண்டி அப்படியே நின்றது. மூன்றாவது, அவள் சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டு. அடுப்படி அலமாரியில் இருப்பது. எப்போது எடுத்து வந்தாள் என்று தெரியவில்லை.

நாய்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்தில் பார்த்தன. இரண்டும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தன.

கோமதியின் முட்டி மடங்கியது.

வலியால்தான் என்று நினைத்தாள். எழுந்துவிடலாம். சிமெண்ட் ஜில்லென்று இருந்தது. எழலாம். எழவில்லை.

“மேஜர். எடு.”

நாய் குனிந்தது.

“சில்வி. எடு.”

அவள் காத்திருந்தாள். காத்திருக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. உடம்பு காத்திருந்தது. கை தொடைமேல். கைக்கும் தட்டுக்கும் ஒரு சாண். சோற்றிலிருந்து ஆவி வந்தது. அவள் பெயர் வரவில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஆர்த்தியாகத்தான் இருக்கும். தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டியாம்மா என்றுதான் முதலில் கேட்பாள். எடுக்க வேண்டும். எடுத்துக் கத்த வேண்டும். கை வரவில்லை. போன் ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது.

மேஜர் தன் தட்டை முடித்துவிட்டு அவள் தட்டுக்கு மூக்கை நீட்டியது. “ம்ம்,” என்று ஒரு சத்தம். நாய் வாலை இடுக்கிக்கொண்டு விலகியது. அவள் பங்கு அவளுக்குத்தான். அந்த விஷயத்தில் பாண்டித்துரை என்றைக்கும் நியாயஸ்தன்.

மழை வந்தது. நாய்கள் கொட்டகைக்குள் ஓடின. தட்டில் தண்ணீர் நிறைந்து, பருக்கைகள் விளிம்பைத் தாண்டி வழிந்தன. முதுகை வளைக்காமல், கையை எடுக்காமல், கண்ணை மட்டும் தாழ்த்திக் கோமதி பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்ட் தளம் சொட்டுச் சொட்டாகக் கறுத்து, பிறகு முழுவதும் நனைந்தது. தட்டுக்கு அந்தப் பக்கம், பாதம் அளவுக்கு இரண்டு இடங்கள் மட்டும் உலர்ந்தே இருந்தன.