முப்பதடிக்குள் யாரோ

கம்பத்திலிருந்து வந்த மினிபஸ் ரெக்ஸை இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபோது நல்ல உச்சிவெயில். திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. கதவு பாதிதான் திறந்திருந்தது. ஜக்கம்மா வாசலுக்கு வராமல் கதவுக்குப் பின்னாலிருந்தே கூப்பிட்டாள்.

"உள்ள வாங்கண்ணே. அங்கன நிக்காதீக."

வெளியே தலைகாட்ட அவளுக்குப் பயம். போன தை மாதம் அவள் அக்கா மாயக்காளை இந்தத் தோட்டத்துக்குள் வைத்துத்தான் அடித்துக் கொன்றார்கள். பிள்ளை பிடிக்கிறவள் என்று எழுதிய அவள் படம் ஒன்று செல்போன் செல்போனாக ஊர் சுற்றியதுதான் காரணம். ஓர் உயிர் போதவில்லை போலிருக்கிறது. இப்போது தங்கையின் படம் கிளம்பியிருந்தது.

இந்த மாதிரிப் புளுகுகளைத் துரத்துவதுதான் ரெக்ஸின் பிழைப்பு. எந்தப் பத்திரிகையிலும் அவன் சம்பளத்துக்கு இல்லை. பழனிசெட்டிபட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரின் மூலையில் உட்கார்ந்து, வெறுப்பைக் கொட்டுகிற இணையக் குழுக்களுக்குள் பொய்ப்பெயரில் நுழைவான். எந்தப் பொய் எவன் வாயில் பிறந்தது என்று மோப்பம் பிடித்து எழுதுவான். மாயக்காள் விஷயத்தையும் எழுதினான். கட்டுரை அச்சில் வந்தபோது அவளைப் புதைத்த மண் காய்ந்துவிட்டிருந்தது. அந்த ஆற்றாமை அவனை விடவே இல்லை. இவளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான்.

"போலீசுல சொன்னியாம்மா?"

"சொன்னேண்ணே. அனுப்புறது ஆருன்னு கண்டுபிடிச்சுட்டு வான்னுட்டாக."

"படம் எப்படி வருது?"

"மத்தியானத்துல, தோட்டத்துக்குள்ள. வேலை பாக்குறவுக போனுக்கெல்லாம் ப்ளூடூத்துல வருதாம்."

ரெக்ஸுக்குத் தெம்பு வந்தது. இணையத்தில் ஒளிந்திருப்பவனைப் பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ப்ளூடூத்தில் அனுப்புகிறவனோ முப்பதடிக்குள் இருந்தாக வேண்டும். தன் போனுக்கு அவன் வைத்திருக்கிற பெயரும் நம் திரையில் வந்துவிடும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

"இத அனுப்புறது உங்கக்கா ஆவின்னுல்ல ஊருக்குள்ள பேசிக்கிறாக?" என்றான் கிளம்பும்போது.

"எங்கக்காவா இருந்தா நான் ஏண்ணே கதவச் சாத்திக்கிட்டு கெடக்கேன்? அவ என்னைய வளத்தவ." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "இது அவ இல்லண்ணே. அவளக் கொன்னுச்சே ஒரு பொய்யி, அது."

பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததும் வெயில் சட்டென்று அவிந்தது. தலைக்குமேல் இலை அப்படி அடர்ந்திருந்தது. மருந்தடித்த மயில்துத்த வாடை, அதற்கு அடியில் அழுகிய பழத்தின் புளித்த நெடி. பந்தலைத் தாங்கும் கல்கால்கள் வரிசை வரிசையாகப் போய் இருட்டில் கலந்தன. வேலையாட்கள் அந்தக் கோடியில் மோட்டார் ரூம் நிழலில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு இங்கே எட்டவில்லை. கத்திக்கொண்டிருந்த பூச்சிகளும் ஓய்ந்தன.

போன் அதிர்ந்தது.

ஒரு படம் வருகிறது, பெறவா என்று கேட்டது. அனுப்புகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

சுற்றிலும் பார்த்தான். குனிந்து தரையோடு பார்த்தான். எங்கும் ஆள் கால் தெரியவில்லை.

வேகமாக நடந்து நாலைந்து வரிசை தள்ளிப் போய் நின்றான். போன் மறுபடி அதிர்ந்தது. பிடரியில் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. திரும்பினால் இலைதான்.

படத்தை வாங்கினால்தானே துப்புக் கிடைக்கும்? தொழில் புத்தி. அமுக்கினான்.

படம் மேலிருந்து கீழாக ஊர்ந்து வந்தது. பாதி திறந்த கதவு. ஜக்கம்மாவின் முகம். ஏதோ ரகசியம் சொல்வதுபோல் வாய் லேசாகத் திறந்திருந்தது. கீழே, பிள்ளை பிடிக்கிறவள்.

சற்று முன் அவள் அவனிடம் பேசியபோது இருந்த முகம் அது. எதிரே நின்றவன் அவன் ஒருவன்தான். அப்போது போன் அவன் சட்டைப்பையில் கிடந்தது.

மோட்டார் ரூம் பக்கம் ஒரு போன் கூவியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.

ரெக்ஸ் விழுந்தடித்து ஓடினான். மேஸ்திரி கோட்டைச்சாமி கைகழுவிவிட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா சார் அனுப்புனீக? ரெக்ஸுன்னு பேரு வந்துச்சு."

"நான் இல்லண்ணே! அத அழிச்சிருங்க. அம்புட்டும் பொய்யி!"

"இத்தன நாளா நாங்களும் நம்பல சார். ஏற்கெனவே ஒரு பாவம் பண்ணிட்டமேன்னு சும்மா இருந்தோம்." அவர் எழுந்தார். "மாயக்கா விசயத்த எழுதுன பத்திரிகைக்காரரு நீங்களே அனுப்புறீகன்னா..."

சாப்பிட்ட கையோடு ஆட்கள் எழுந்தார்கள். ஒருவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். ஓட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்கள். ரெக்ஸ் குறுக்கே விழுந்து மறித்தான், கும்பிட்டான், கத்தினான். மண்வெட்டிக்காரன் அவனை மெதுவாக, மரியாதையாகவே விலக்கினான்.

"நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சுட்டீக சார். இனி நாங்க பாத்துக்கிறோம்."

ரெக்ஸ் போனைப் பிரித்து பேட்டரியைப் பிடுங்கினான். திரை அணைந்தது. ஒரு கையில் பேட்டரி, மறு கையில் செத்த போன்.

கோட்டைச்சாமியின் போன் கூவியது.

அவர் நின்றார். திரையைப் பார்த்தார். பிறகு ரெக்ஸின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொன்னு அனுப்புறீகளே சார்," என்றார், குரலே எழாமல். "வாங்கவா?"

"வேணாம்ணே!"

அவர் கட்டைவிரல் அதற்குள் அமுக்கியிருந்தது.