சட்டை காயும்வரை

ராணுவச் சேவை முடித்தவர்களை வருடாவருடம் கூப்பிடும் ரிசர்வ் பயிற்சிக்குப் போகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். படையை விட்டு வந்து நாலு வருடம் ஆகியிருக்கும், தொப்பை விழுந்திருக்கும், படையில் போட்டிருந்த அதே பழைய உடுப்பை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டியிருப்பான். நானும் அப்படித்தான் ஜூன் மாத வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மற்ற வருடங்களில் எங்கெங்கோ அனுப்பினார்கள். இந்த வருடக் கடிதத்தில் என் பழைய முகாமின் எண் இருந்தது. தென்கொரியாவின் வட எல்லையில், கங்வோன் மலைக்குள், நான் கட்டாய ராணுவச் சேவை செய்த அதே முகாம்.

போகாவிட்டால் வழக்குப் போடுவார்கள். போனேன்.

படுக்கைக் கூடம் புதிதாகியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அதே சோயாக் குழம்பு வாடை. பின்புறம் துணி காயப்போடும் கொட்டகை மட்டும் மாறவே இல்லை. மூன்று பக்கம் தகரம், மேலே பிளாஸ்டிக் கூரை, வரிசையாகக் கொடிக்கம்பிகள். மதியச் சாப்பாடு முடிந்ததும், எங்களைக் கவனித்துக்கொள்ளப் போட்டிருந்த சியோ என்ற இளம் சிப்பாய், துண்டைக் காயப்போட வேண்டுமானால் அங்கே தாராளமாகப் போடலாம் என்றான். எது தொலைந்தாலும் அந்தக் கொட்டகையில் மட்டும் ஒரு காலுறைகூடத் தொலையாதாம்.

"அங்க ஆள் நிக்குது, அண்ணே" என்றான் குரலைத் தாழ்த்தி. "நாங்க சாக்லேட் கேக் பாக்கெட் வெச்சிட்டு, காவலுக்கு நிக்கறவங்ககிட்ட சொல்ற மாதிரி 'கஷ்டப்படுறீங்க'ன்னு சொல்லிட்டு வருவோம். யார்னு தெரியாது."

எனக்குத் தெரியும்.

எங்கள் படையில் திருட்டு என்ற சொல்லே கிடையாது. பொருள் இடம் மாறும், அவ்வளவுதான். உன் காலுறை போனால் நீ அடுத்தவனுடையதை எடு, அவன் இன்னொருவனுடையதை எடுப்பான். அதனால் முன்னால் சேர்ந்த பெரியவர்களின் துணி காயும்போது புதுப் பையன் ஒருவன் பக்கத்தில் காவல் நிற்க வேண்டும். என் துணிக்கு ஓக் தேயுன் நின்றான். வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மெலிந்த பையன். பெரியவன் ஒருவன் கூப்பிட்டால், தொட்டால்கூட, விறைத்து நின்று பதவியையும் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். "சிப்பாய் ஓக் தேயுன்!" என்று அவன் சொல்லும்போது குரல் உடையும். நாங்கள் அதற்காகவே கூப்பிடுவோம்.

ஒரு முறை அவன் கழிப்பறைக்குப் போன நேரத்தில் என் சட்டை இடம் மாறிவிட்டது. அடுத்த முறை நான் விடுப்பில் போக வேண்டிய சட்டை அது, அதன் மடிப்பு கத்திபோல் நிற்க வேண்டும். ஜனவரி மாதம். தேடிக் கண்டுபிடித்தபோது அழுக்காகியிருந்தது. மறுபடி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, அவனிடம், இது காயும்வரை இங்கிருந்து அசையக் கூடாது, ஒழுக்கம் என்றால் என்னவென்று இன்று படி என்றேன். அந்தக் குளிரில் ஈரத்துணி பத்து நிமிடத்தில் பலகையாகிவிடும். காயவே காயாது. அதுதான் வேடிக்கை என்று நினைத்தேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இதை எழுதவே கூசுகிறது.

மாலை வருகை எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தது. வெளியே யாராவது நிற்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். உண்மையைச் சொன்னால் என் விடுப்பு போய்விடும். "யாருமில்லை சார். ஓக் வயிற்றுவலியென்று மருத்துவ அறையில் படுத்திருக்கிறான்" என்றேன். அதிகாரி போனதும் கூட்டி வந்துவிடலாம் என்று போர்வைக்குள் காத்திருந்தேன். அறை கதகதப்பாக இருந்தது. தூங்கிவிட்டேன்.

காலையில் பார்த்தபோது அவன் நின்றுகொண்டே இருந்தான்.

விசாரணையில், ஆறு மணிக்கே உள்ளே வரச் சொன்னதாகவும் அவன்தான் கேட்கவில்லை என்றும் சொன்னேன். கட்டளையை மீறியவன் என்று கோப்பில் எழுதினார்கள். கடமையில் இறந்தவர்களுக்கான கல்லறையில் அவனுக்கு இடமில்லை என்றார்கள். அவன் அம்மா என் முன்னால் வந்து இடுப்பு மடங்கக் குனிந்தார். "உங்க பேச்ச கேக்காம போயிட்டான். மன்னிச்சிருங்க" என்றார். நானும் குனிந்தேன். 'நான்தான் நிற்கச் சொன்னேன்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தக் கோப்பு மாறும். நாலு வருடத்துக்கும் மேலாக அதைச் சொல்லவில்லை.

சியோ சொன்ன அன்று மதியமே கொட்டகைக்குப் போனேன். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே காலை வைத்ததும் சிள்வண்டுகளின் சத்தம் நின்றது. சோப்பு வாசனை. அதற்கடியில் பனி விழுந்த காலையின் வாசனை.

கடைசிக் கொடிக்கம்பிக்குக் கீழே, பிரிக்காத ஒரு சாக்லேட் கேக் பாக்கெட்.

அதன் பின்னால் சிமென்டில் வெள்ளையாக இரண்டு தடங்கள். பூட்ஸ் அளவு. குனிந்து தொட்டேன். உறைபனி.

"தேயுன்" என்றேன்.

"சிப்பாய் ஓக் தேயுன்."

காதுக்கு மிகப் பக்கத்தில். அதே உடைந்த குரல்.

"போதும்டா. உள்ள போ" என்றேன். என் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது.

"இன்னும் காயல."

கொடியில் எதுவும் இல்லை. பிறகுதான் என் நெஞ்சு சில்லிட்டது தெரிந்தது. நான் போட்டிருந்தது அன்று அவன் காவல் நின்ற அதே சட்டை. நுனியிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாசலில் சியோ வந்து நின்றான்.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க, அண்ணே?"

அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் தன் அதிகாரியிடம் போயிருப்பான், கோப்பு திறந்திருக்கும். எனக்கு வேலை இருந்தது, மனைவி இருந்தாள், அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது.

"யாருமில்ல" என்றேன்.

சட்டை என் மேலேயே பலகையாக உறைந்தது. சியோ பின்னால் நகர்ந்தான். பயிற்சி முடியும்வரை மூன்று நாளும் அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைப் பால்கனியில் தொங்கவிட்டேன். ஜூலை பிறந்தது. பக்கத்து வீட்டில் மிளகாய் இரண்டே நாளில் சுருங்கிக் காய்ந்தது. என் சட்டை சொட்டிக்கொண்டே இருந்தது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை கையில் எடுத்தேன். அதற்கும் தைரியம் வரவில்லை. அவன் அம்மாவுக்கு எழுதத் தொடங்கிய கடிதங்கள் இழுப்பறையில் கிடக்கின்றன. எல்லாமே முதல் வரியோடு நிற்பவை.

இன்று மதியம் துணி எடுக்கப் போன மனைவி பால்கனிக் கதவருகே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. தரையில ரெண்டு பூட்ஸ் தடம். தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு. யார இங்க நிக்க வெச்சீங்க?"

பழக்கம் நாக்கில் ஊறிக் கிடக்கிறது. யோசிக்கவே இல்லை.

"யாருமில்ல."

"சிப்பாய் ஓக் தேயுன்" என்றது பால்கனி.

இந்த முறை அவளுக்கும் கேட்டது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.