தம்பிக்குப் பதிலாக வந்தவர்

ஆவுடையார்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மத்தியான வெயிலில் ஓட்டமும் நடையுமாக வைஷ்ணவி வீட்டுக்கு வந்தபோது, அவள் அப்பா ஆண்டியப்பனுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வாயில் பால் ஊற்றிப் பார்த்துவிட்டார்கள். யார் ஊற்றினாலும் கன்னத்தில்தான் வழிந்தது. மகனுக்காகத்தான் உயிர் நிற்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மகன் விக்ரமுக்குக் கடல் நடுவே ஒரு கடைக்கோடித் தீவில் ஹோட்டல் வேலை. அங்கிருந்து சின்ன விமானத்தில் இன்னொரு தீவு, அதன்பின் திருச்சி. 'ஏறப்போறேன்' என்று மெசேஜ் அனுப்பியிருந்தான்.

"எம்புட்டு தூரம்மா?" என்றாள் அம்மா சுகுணா.

"ரெண்டு தீவுக்கும் நடுவுல முந்நூறு கிலோமீட்டரும்மா. ஒரு மணி நேரங்கூட ஆகாது."

விமானம் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடத்தை வைஷ்ணவி போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீலக் கடல்மேல் அந்த மஞ்சள் விமானம் நின்றுவிட்டது. நெட் சரியில்லை என்று போனைத் தட்டினாள். சனியன், நகரவே இல்லை.

அப்பாவின் தொண்டையில் கரகரப்பு கூடியது. பார்க்கச் சகிக்கவில்லை.

"மகன் வந்துட்டான்னு காதுல சொல்லி நீயே ஊத்தும்மா. நிம்மதியாப் போகட்டும்," என்று அம்மா அழுதாள்.

அப்படிச் சொல்வது வழக்கம்தான். ஆனால் மகன் வயதில் யாரையாவது பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் சொல்வார்கள். பதற்றத்தில் அவள் யாரையும் நிறுத்தவில்லை. மஞ்சள் விமானத்தைப் பார்த்து, "வந்துருடா, சீக்கிரம் வந்துரு," என்று கெஞ்சினாள். பிறகு அப்பாவின் காதோரம் குனிந்தாள்.

"தம்பி வந்துட்டான்ப்பா."

பால் உள்ளே இறங்கியது.

அப்பாவின் கை மெல்ல எழுந்து, காற்றில் எதையோ பற்றிக்கொண்டது.

"கையி ஏன்டா இம்புட்டு சில்லுன்னு இருக்கு?"

அதோடு மூச்சு நின்றது.

அறை முழுக்கக் கடல் வாடை. கடற்கரைக்கு அங்கிருந்து பஸ்ஸில் போகவே ஒரு மணி நேரம் ஆகும்.

போன் அடித்தது. விக்ரம்தான்.

"அக்கா, நான் ஏறலக்கா. ஒருத்தருக்குத்தான் எடம்னாங்க. இன்னொருத்தரு, அவங்க அம்மா சாகக் கெடக்குறாங்கன்னு என் கையப் புடிச்சு அழுதாரு. அடுத்த பிளேன்ல வந்துரலாம்னு விட்டுக் குடுத்துட்டேன். சிக்னலே கெடைக்கல. அந்தப் பிளேன் கடல்ல விழுந்துருச்சுக்கா."

தம்பி உயிரோடு இருக்கிறான்! வைஷ்ணவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்புறம்தான் அப்பாவின் கையைப் பார்த்தாள்.

விரலிடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

துடைத்தாள்.

மறுபடியும் சொட்டியது.

விக்ரம் வந்து கொள்ளி வைத்தான். காரியமும் முடிந்தது. வீடு கழுவி, எல்லாம் காய்ந்த பிறகும், கட்டிலடியில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத் தரை ஈரமாகவே இருந்தது.

"போயிருங்க," என்று தினமும் அங்கே நின்று வைஷ்ணவி கும்பிட்டாள். "ஒங்க அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க. தெரியாமக் கூப்புட்டுட்டேன். போயிருங்க."

எங்கிட்டுப் போவது, எவ்வளவு தூரம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்த மனிதரின் பெயர்கூட விக்ரமுக்குத் தெரியவில்லை.

நேற்று ஈரக் காலடிகள் வாசல்வரை போயிருந்தன. அப்பாடா என்று கதவைச் சாத்தினாள்.

இன்று காலையில் அவை கட்டிலுக்கே திரும்பி வந்திருந்தன.