இடப்பக்கத்து முள்

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் அவன் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான். அக்கா போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. ஆனாலும் அவன் வாயில் அது இன்னும் அக்கா வீடுதான். தோளில் தொங்கிய பையில் சால்டரிங் இரும்பும் மீட்டரும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்று வாய் மூடிப்போன எதையும் பேச வைப்பது அவன் தொழில். சின்ன வயதில் பிளக்கில் ஆணியைச் சொருகிப் பார்த்துச் சுவரோரம் போய் விழுந்தவன் அவன். அன்றைக்கு அக்கா வைத்த பெயர் 'கரண்டு'. அவளைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கதவு திறக்க நேரமாயிற்று.

அத்தான் பாதி ஆளாகியிருந்தார். சட்டைக்குள் உடம்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. "வா மாப்ளே" என்று அவனை உள்ளே விட்டுவிட்டு, மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டார்.

கூடத்து ஜன்னல்களில் போர்வைகளைத் திணித்து அடைத்து வைத்திருந்தார். வெளிச் சத்தம் உள்ளே வரக் கூடாதாம். பட்டப்பகலில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. கடைசி நாட்களில் அக்காவின் நெஞ்சில் தேய்த்த தைலத்தின் நெடி சுவரிலிருந்து கசிவதுபோல் இருந்தது. அடுப்படியில் கழுவாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை. இங்கே யாராவது சாப்பிட்டுப் பல நாளாயிருக்க வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மேசைமேல் அந்தக் கனத்த ஆம்ப்ளிஃபயர் இருந்தது. முகப்பில் இரண்டு சின்னக் கண்ணாடிச் சன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். பக்கத்துக்கு ஒரு முள். சத்தம் வந்தால் எழும்பும், நின்றால் படுத்துக்கொள்ளும். இரண்டு புறமும் இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டிகள். நடுவில் ஒரு நாற்காலி.

கல்யாணமான புதிதில் அக்காவும் அத்தானும் தொடங்கிய விளையாட்டு இது. கேசட் டெக்கில் ஆளுக்கொரு மைக்கைச் சொருகி, சாயங்காலம் பேசுவதைப் பதிவு செய்வார்கள். இடது மைக் அவளுக்கு, வலது அவருக்கு. திருப்பிப் போட்டால் இடப் பெட்டியில் அவள் பேசுவாள், வலப் பெட்டியில் அவர் பதில் சொல்வார். படுக்கையில் விழும்வரை அவள் அதை விடவில்லை. அவள் போன பிறகு அத்தான் அந்த நாற்காலியை விடவில்லை.

போன வாரம் இடப்பக்கம் ஊமையாகிவிட்டது. போனில் அதைச் சொல்லும்போது அவர் அழுத அழுகையை அவன் அக்கா இறந்த அன்றுகூடக் கேட்டதில்லை. அவரை எப்படியாவது கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடு, தனியே விட்டால் ஆள் தங்காது என்று அவன் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"சரி பண்ணித் தரேன் அத்தான். ஆனா அது பேசுனதும் நீங்க என்கூடக் கிளம்பணும். பெட்டி படுக்கையெல்லாம் வேணாம், போட்ட சட்டையோட வாங்க."

"அது பேசட்டும்" என்றார் அவர்.

அவன் கேசட்டை ஓடவிட்டான். வலது முள் துள்ளியது. அத்தானின் குரல், இன்றைய குரலைவிட இளமையாக, "இன்னிக்கு என்ன பண்ணே?" என்று கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. நாடாவின் மெல்லிய இரைச்சல். சட்டென்று அந்தக் குரல் வாய்விட்டுச் சிரித்தது. மறுபடியும் ஒன்றுமில்லை. "அப்புறம்?" என்றது குரல். காலியான இடத்தைப் பார்த்து ஒருவர் கேட்பதும், காத்திருப்பதும், சிரிப்பதும்.

நாற்காலியில் இருந்த அத்தான் அந்த இடைவெளிகளில் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் பேச்சு அவருக்கு மனப்பாடம்.

அவன் தன் வழக்கப்படி தொடங்கினான். எந்தக் கோளாறுக்கும் முதல் வைத்தியம் இடத்தை மாற்றிப் பார்ப்பதுதான். நல்ல பக்கத்தைக் கெட்ட பக்கத்திலும் கெட்டதை நல்லதிலும் சொருகினால், நோய் எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மாற்றியதைத் திரும்ப மாற்ற மறந்தால் வேலை நாறிவிடும். அதற்காகவே ஒரு பழக்கம் வைத்திருந்தான். ஒயரை மாற்றியதும் மஞ்சள் பிடி ஸ்க்ரூடிரைவரை டெக்கின் தலைமேல் வைப்பான். ஒயர் பழையபடி திரும்பாமல் அதை எடுக்க மாட்டான்.

முதலில் பெட்டிகளின் ஒயரை மாற்றினான். ஊமைப் பெட்டி கணீரென்று பேசியது. பெட்டியில் குற்றமில்லை. அவற்றைப் பழையபடி சொருகிவிட்டு, டெக்கிலிருந்து வரும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினான். ஸ்க்ரூடிரைவரை டெக்கின்மேல் வைத்தான். நாடா ஓடியது.

வலப் பெட்டியிலிருந்து அக்கா பேசினாள்.

"கரண்டு வந்தா சொல்லுங்க, இந்த டப்பா இரையுது. அவன்கிட்ட காட்டுனா இருக்கிற சத்தமும் போயிடும், அது வேற விஷயம்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பந்தல் போட்டதும் நாற்காலி எடுத்ததும் அவன்தான். அழ நேரமிருக்கவில்லை. இப்போது வந்தது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தான்.

"பாத்தீங்களா, நாடா நல்லா இருக்கு" என்றான் கடைசியில், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இந்த மெஷின்லதான் கோளாறு. ஒயர இப்படியே வெச்சாக்கூட அக்கா குரலைக் கேக்கலாம்."

"தெரியும். மாத்தி வெச்சுக் கேட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்கு அத்தான் என்னைக் கூப்பிட்டீங்க?"

போர்வைகளுக்கு அப்பால் மழை எங்கோ தூரத்தில் பெய்வதுபோல் கேட்டது.

"நாடாவுல இருக்கிறது எனக்கு மனப்பாடம் மாப்ளே. அது வேணாம். நாடா முடிஞ்ச பிறகு இடப்பக்கத்துல பேசுவா பாரு. அது வேணும்."

அவன் இடப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"இருட்டா இருக்குங்கிறா. எங்க இருக்கீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் பதில் சொல்றது அந்தப் பக்கம் போகல போல. அதுக்குள்ள இது செத்துப்போச்சு. அவ அங்க தனியா கேட்டுக்கிட்டே இருப்பா, மாப்ளே."

மனுஷனுக்குப் பட்டினியில் மூளை குழம்பிவிட்டது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சீக்கிரம் முடித்து, இவரை இங்கிருந்து கிளப்ப வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திருகிக் கழற்ற, டெக்கின்மேல் இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

எடுக்கும்போது எதையோ மறந்ததுபோல் இருந்தது. அழுது கலங்கிய தலைக்கு அது எட்டவில்லை.

இடப்பக்கச் சர்க்யூட் பலகையில் ஒரு பாகத்தின் கம்பிக் காலைச் சுற்றி ஈயம் விரிசல் கண்டிருந்தது. தலைமுடி அளவு வட்டம். இதற்கா இத்தனை பாடு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தான். புகை சுருண்டு எழுந்து, தைல நெடியை ஒரு கணம் விரட்டியது. அது உடனே திரும்பி வந்தது, முன்னைவிடக் கிட்டத்தில்.

மூடியைப் போட்டு, மேசைக்குப் பின்னால் குனிந்து, சுவிட்சைத் தட்டினான். நாடாவின் கடைசித் துண்டு ஓடியது. இரண்டு பெட்டிகளும் பேசின. கேள்வியும் பதிலும் சிரிப்பும் முழுசாக.

டெக் 'டக்' என்று நின்றது.

"பேசுதா அத்தான்? எழுந்திரிங்க, கிளம்பலாம்."

"மாப்ளே."

குரல் இடப் பெட்டியிலிருந்து வந்தது.

அவன் நிமிர்ந்தான்.

நாற்காலி காலியாக இருந்தது.

கதவின் மேல் தாழ்ப்பாளும் போட்டபடி இருந்தது. கீழ்த் தாழ்ப்பாளும் போட்டபடி இருந்தது.

"மாப்ளே, இங்க இருட்டா இருக்கு. அவளும் இங்க இல்ல." இடது முள் ஒவ்வொரு சொல்லுக்கும் எழுந்து விழுந்தது. "நீ என்ன பண்ணே?"

அப்போதுதான் டெக்கின் பின்புறம் கண் போனது. இடது ஒயர் வலது துளையில். வலது ஒயர் இடது துளையில். மாற்றியது மாற்றியபடியே.

அடுப்படியில் குழாய் திறந்தது.

தண்ணீர் பாத்திரத்தில் விழும் ஓசை. ஒரு மூடியை மூடும் ஓசை. செருப்பு தேய்த்து நடக்கும் ஓசை, ஒரு காலை மட்டும் சற்று இழுத்து, அக்கா நடப்பதுபோல்.

"கரண்டு" என்று அடுப்படியிலிருந்து அவள் கூப்பிட்டாள். இருமல் இல்லை, இளைப்பு இல்லை. நோய் வருவதற்கு முந்தைய குரல். "வந்து எவ்வளவு நேரமாச்சு? சாப்பிட்டியா?"

நாலு எட்டு வைத்தால் அடுப்படி. அவன் கால் அந்தப் பக்கம் திரும்பியும்விட்டது.

"திருப்பி மாத்து" என்றது இடப் பெட்டி. கெஞ்சியது. "மாப்ளே, சீக்கிரம். இங்க மூச்சு..."

செருப்புச் சத்தம் கூடத்தின் வாசற்படியை நெருங்கியது. நிழல் முதலில் வந்தது. தைல நெடி அவன் முகத்தில் மோதியது.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு ஒயர்களையும் பிடுங்கி, இடம் மாற்றிச் சொருகினான்.

செருப்புச் சத்தம் நின்றது.

குழாய் ஒருமுறை சொட்டி ஓய்ந்தது.

கண்ணைத் திறந்தபோது வாசற்படியில் யாருமில்லை. ஈரமான ஒற்றைச் செருப்புத் தடம் மட்டும், முனை அவனை நோக்கி.

நாற்காலியைப் பார்த்தான். அது காலியாகவே இருந்தது.

"அத்தான்" என்றான். மறுபடி ஒயரை மாற்றினான், திருப்பினான், மறுபடி மாற்றினான். எந்தப் பக்கத்திலும் மூச்சுகூட இல்லை. தன்னையே கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தான். அது தரையில் உருண்டு அவன் காலடியில் வந்து நின்றது.

முகப்பின் விளக்கு அணைந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு நடந்தான். மேல் தாழ்ப்பாளை நீக்கினான். கீழ்த் தாழ்ப்பாளுக்குக் குனிந்தவன் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தான்.

இடப்பக்கத்து முள் அசைந்துகொண்டிருந்தது.

எழுந்தது, படுத்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி எழுந்தது, இம்முறை வேறு விதமாக, துள்ளித் துள்ளி. இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவதுபோல. ஒருவர் சிரித்ததுபோலவும் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"அக்கா" என்று அவன் தன்னை அறியாமல் முணுமுணுத்தான்.

வலது முள் எழுந்து விழுந்தது.

இடது முள் அசைவதை நிறுத்திக்கொண்டது. யாரோ பேச்சை விட்டுவிட்டுக் காது கொடுப்பதுபோல.

பிறகு அது மெல்ல, மிக மெல்ல, பதிலுக்கு எழத் தொடங்கியது.

அவன் பையைக் கீழே வைத்தான். மேல் தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டான். போய் உட்கார்ந்தபோது நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.